ஊராட்சியில் ஏரி பராமரிப்பு: பதிவேடு முதல் கலங்கல் வரை

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. கணக்கில் வருவது தண்ணீர் நிற்கும் பரப்பு அல்ல, அந்த நீர் பாயும் நிலம்; அதுதான் ஆயக்கட்டு. கடல்போல் விரிந்த ஏரிகூட ஒன்றியத்து ஏரியாக இருக்கலாம்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஏரியின் புல எண்ணோடு வரத்து வாய்க்கால், போக்கு வாய்க்கால் ஆகியவற்றின் புல எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஏரிக்குள் முளைத்த வீடு எல்லோர் கண்ணிலும் படும். பக்கத்து வயலோடு சேர்த்து உழப்பட்ட வாய்க்கால் படாது. வரத்து அடைபட்டிருக்கும்போது ஏரியைத் தூர்வாருவது வெறும் பள்ளம் வெட்டுவதுதான்.

நில அளவையைச் சித்திரையில், ஏரி வற்றியிருக்கும்போது வைத்து எல்லைக்கல் நடுங்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் மனுவில் சரியான சட்டத்தைக் குறிப்பிடுங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த, இன்று நீர்வளத் துறையிடம் உள்ள ஏரிகளுக்கு உரியது. ஒன்றியத்து ஏரிக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்: 7ஆம் பிரிவில் அறிவிப்பு, 6ஆம் பிரிவில் அகற்றம். மனுவோடு கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை இதற்குத் தோதானது. மே 1 கூட்டத்திலும் வைக்கலாம்.

வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். ஏரி மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்க வேண்டும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் முறையே சுமார் 25, 30 நடை. நடையை எண்ண ஊரார் ஒருவரை நிறுத்துங்கள். மேல் வண்டல் தீர்ந்ததும் வண்டிகள் அடியிலுள்ள சவுடு மண்ணுக்கு இறங்கும். அன்றே வேலையை நிறுத்திவிட வேண்டும். கரையடியில் தோண்டவே விடாதீர்கள், கரை சரியும். வயலுக்கு நீர் விடும் மடையின் மட்டத்துக்குக் கீழே வெட்டிய குழியில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது. கிணறுகளுக்கு ஊறும், அவ்வளவுதான். ஆங்காங்கே ஆழக் குழி விட்டால் மழைக்காலத்தில் பிள்ளைகள் மூழ்கும் ஆபத்தும் உண்டு.

ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழிந்தோடும் கலங்கல்தான் ஏரியின் உயிர். தெற்கே இதையே மறுகால், கலுங்கு என்பார்கள். ஆயக்கட்டுக்காரர் ஒரு அடி நீர் கூடட்டும் என்று மணல்மூட்டை அடுக்குவார். ஏரியின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், வீடு கட்டியவரோ தண்ணீர் ஏறாதிருக்கக் கலங்கலை இடிப்பார். முதலாவது கரையை உடைக்கும், இரண்டாவது ஏரியைச் சாகடிக்கும். கலங்கல் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் உள்ள இடைவெளி வெள்ளத்துக்காக விடப்பட்டது. அதை மூட்டை தின்றுவிட்டால், கனமழையில் நீர் கரைமேல் வழிந்து அறுத்துவிடும். சரியான மட்டத்தைப் பக்கச் சுவரில் பெயிண்ட் கோடாக வரைந்து வையுங்கள். சச்சரவு வரும்போது அந்தக் கோடே பேசும். கலங்கலுக்குக் கீழுள்ள போக்கு வாய்க்கால் பெரும்பாலும் அடுத்த ஊர் ஏரியின் வரத்து. அதை அடைத்தால் அந்த ஊரோடும் சண்டைதான்.

புரட்டாசிக்குள் மதகுக் கதவுக்கு கிரீஸ் பூசி ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டால், உள்ளே வேர் மக்கி நீர் போகும் குழாயாகிவிடும். வேரோடு தோண்டி, ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். எலி வளைக்கும் இதே வைத்தியம்.

மழையில் கரையின் வெளிப்புறம் கசிகிறதா? தெளிந்த நீரென்றால் கண்காணித்தால் போதும். கலங்கிய நீர் என்றால் கரைமண் கரைகிறது. துளையை அடைக்காதீர்கள், நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் மணல்மூட்டை வட்டமாக அடுக்கி, உள்ளே நீரைத் தேங்கவிட்டால் அழுத்தம் குறையும். பொறியாளருக்கும் உடனே சொல்லி அனுப்புங்கள்.

மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும்: மீன் பிடிக்க மதகைத் திறக்கவோ மோட்டார் வைத்து இறைக்கவோ கூடாது.