மக்காச்சோள ரகங்களை அடையாளம் காண்பதில் நடக்கும் தவறுகள்

மக்காச்சோளக் கதிரை உரித்ததும் கண் முதலில் போவது நிறத்துக்குத்தான். மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு, நீலம் என்று ஒரே கதிரில் பல நிறம் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 'இது என்ன ரகம்?' என்ற கேள்வி உடனே வந்துவிடும். ரகம் பிரிப்பதில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மக்காச்சோளம் யாருக்கு உறவு என்று கேட்டால், நிறத்தால் பெரிதாகப் பதில் சொல்ல முடியாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நிறமுள்ள முத்து ஒன்றை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நகத்தால் தோலை உரியுங்கள். சிவப்பு தோலோடு வந்துவிட்டால் அது தாய்ச்செடி கொடுத்த நிறம். தோல் முழுக்கத் தாயின் திசு என்பதால் கதிரில் உள்ள எல்லா முத்தும் ஒன்றுபோல் இருக்கும். தோல் போன பிறகும் நீலமோ ஊதாவோ மிஞ்சினால், நிறம் அடியில் உள்ள அலூரோன் என்ற மெல்லிய அடுக்கில் இருக்கிறது. அதையும் சுரண்டினால் உள்ளே மாவுப் பகுதி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும். அலூரோனும் மாவுப் பகுதியும் தாய், தந்தை இருவரும் சேர்ந்து உருவாக்குபவை. அதனால்தான் வெள்ளை மக்காச்சோளத்தின் மேல் பக்கத்து வயலின் மஞ்சள் ரக மகரந்தம் வந்து விழுந்தால், அடுத்த போகம் வரை காத்திராமல் அந்தக் கதிரிலேயே மஞ்சள் முத்துகள் தலைகாட்டுகின்றன. கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு முத்தில் போய் முடிகிறது. ஒவ்வொரு இழை வழியாகவும் ஒரு மகரந்தத்தூள் தனியாக இறங்கிக் கருவை உண்டாக்குகிறது. ஐந்நூறு முத்துள்ள கதிர் என்றால் தாய் ஒன்று, தந்தைகள் எத்தனையோ. ஸ்வீட் கார்னைச் சாதாரண மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் விதைத்தவர்கள் இனிப்பு குறைந்துவிட்டது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

கண்ணாடி மணிபோல மினுங்கும் 'கிளாஸ் ஜெம்' கதிரின் படம் 2012 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ரகம் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். உண்மையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கார்ல் பார்ன்ஸ் என்ற விவசாயி, பூர்வகுடி மக்களின் மக்காச்சோளங்களிலிருந்து பல ஆண்டுகள் பொறுமையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது அது. வேர் பழையதுதான், ரகம் புதிது. அவருடைய உழைப்பை 'பழமை' என்ற ஒரே சொல்லில் அழித்துவிடுவது எனக்கு மனவருத்தமாகவே இருக்கிறது.

அடுத்த தவறு, முத்தின் உள்ளமைப்பை உறவுமுறை என்று நினைத்துவிடுவது. 1899இல் அமெரிக்கரான ஸ்டர்டெவண்ட் மக்காச்சோளத்தைப் பாப், ஃபிளிண்ட், டென்ட், மாவு, இனிப்பு, உறை என்றெல்லாம் பிரித்தார். ஒரு முத்தைக் கத்தியால் நெடுக்கில் பிளந்தாலே வேறுபாடு புரிந்துவிடும். ஃபிளிண்ட் என்றால் கண்ணாடிபோல் கெட்டியான பகுதி சுற்றிலும் இருக்கும். டென்ட் என்றால் பக்கங்கள் மட்டும் கெட்டி; நடுவிலிருந்து உச்சி வரை மென்மாவு ஓடும், காயும்போது அது சுருங்கி உச்சியில் ஒரு குழி விழும். சமையலுக்கும் அரவைக்கும் வியாபாரத்துக்கும் இந்தப் பிரிவு நல்ல உதவி. இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் இது வம்சாவளி கிடையாது. பழைய ஸ்வீட் கார்ன் இனிப்பாக இருப்பது ஒரே ஒரு மரபணு மாறியதால்தான். பெருவில் ஓர் இனிப்பு ரகமும் அமெரிக்காவில் ஓர் இனிப்பு ரகமும் இருந்தால், இரண்டும் உடன்பிறப்புகள் என்று ஆகிவிடாது. இரண்டும் அந்தந்த ஊர் மாவு ரகங்களுக்கே நெருங்கிய உறவாக இருக்கலாம். 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 'வாக்ஸி' மக்காச்சோளமும் அப்படித்தான். முத்தைப் பிளந்தால் மெழுகுபோல் தெரிவதால் வந்த பெயர் அது, உள்ளே மெழுகு இல்லை. ஒரு மரபணு மாறியதால் அதன் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின் என்ற ஒரே வகையாக இருக்கிறது, அவ்வளவே.

இந்தக் குழப்பத்தில் பெரிய அறிஞர்களும் சிக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முத்துக்கும் தனித்தனி உறை உள்ள மக்காச்சோளத்தைப் பார்த்து, இதுதான் ஆதி வடிவம் என்று பலர் நம்பினார்கள். மாங்கெல்ஸ்டார்ஃப் 1939இல் முன்வைத்த கோட்பாடும் அழிந்துபோன ஒரு காட்டு மக்காச்சோளத்தைத் தேடியது. மரபியலாளர் ஜார்ஜ் பீடில் அதை ஏற்கவில்லை. மெக்சிகோவில் காடாக முளைக்கும் தியோசின்டே புல்தான் மூதாதை என்று சொன்னார். தியோசின்டேயின் கதிரைக் கையில் வைத்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. விரல் நீளம்கூட இருக்காது. கல்போன்ற ஓட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு விதை, அவ்வளவுதான். ஆனால் மரபணு ஆய்வுகள் பீடில் பக்கமே நின்றன. தென்மேற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பகுதியில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அந்தப் புல்லைப் பழக்கி எடுத்தார்கள் என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உறை மக்காச்சோளமோ பிற்காலத்து மரபணு மாற்றம் ஒன்றின் விளைவு.

சரி, அப்படியென்றால் உறவை எதை வைத்துப் பார்ப்பது? 1942இல் ஆண்டர்சன், கட்லர் என்ற தாவரவியலாளர்கள் செடி, கதிர், முத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 'இனம்' என்ற அலகில் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்த வழியில் வெல்ஹவுசன், ராபர்ட்ஸ், எர்னாண்டஸ், மாங்கெல்ஸ்டார்ஃப் நால்வரும் 1950களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் 25 இனங்களை விவரித்தார்கள். பின்னாளில் மெக்கிளின்டாக், கடோ, புளூமன்ஷைன் ஆகியோர் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் முடிச்சுபோல் தெரியும் பகுதிகளை இனம் இனமாகக் கணக்கெடுத்து 1981இல் வெளியிட்டார்கள். இன்று மெக்சிகோவுக்கு 64 இனங்கள் என்று ஒரு கணக்கும், மண்ணின் இனங்கள் 59 என்று இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டும் சரிதான். குவாத்தமாலா, கியூபா போன்ற இடங்களில் முதலில் விவரிக்கப்பட்டவற்றைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் வேறுபாடு. எண்ணிக்கையைக் கல்வெட்டுபோல் மேற்கோள் காட்டுபவர்கள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்காச்சோள இனங்களுக்கு நடுவே வேலி கிடையாது. மகரந்தம் காற்றில் போகிறது, விதை கைமாறுகிறது.

அளவெடுக்கும்போதும் தவறு நடக்கும். செடியின் உயரம், பூக்கும் நாள் இரண்டும் மண்ணுக்கும் மழைக்கும் நாள் நீளத்துக்கும் ஏற்ப மாறுபவை. மெக்சிகோ மலையில் ஓரளவு வளரும் செடி வேறோர் இடத்தில் கூரையைத் தாண்டிப் போகும், கதிரே பிடிக்காமலும் நின்றுவிடும். கதிரின் பருமன், முத்து வரிசைகளின் எண்ணிக்கை, முத்தின் அகலம் ஆகியவை இடத்துக்கு இடம் அவ்வளவாக மாறுவதில்லை. வரிசையை எண்ணும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: 8, 12, 14, 16 என்று இரட்டைப்படையாகவே வரும். பூக்கள் ஜோடி ஜோடியாக உருவாவதுதான் காரணம். ஒற்றைப்படை வந்தால் பெரும்பாலும் எண்ணியதில்தான் பிழை. அப்புறம், இருப்பதிலேயே அழகான கதிரை மட்டும் எடுத்து அளக்காதீர்கள். நாட்டு ரகம் என்பது ஒரு கதிர் இல்லை, ஒரு கூட்டம். ஒன்றிரண்டு கதிரிலிருந்து விதை எடுத்தால் அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுவோம்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது வேறொரு தவறு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் விளைவது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் செடிகள் உயரத்திலும் கதிரிலும் பல விதமாகப் பிரிந்து வரும், விளைச்சலும் குறையும். அந்தக் கலவையைப் பார்த்து 'நாட்டு விதை கிடைத்துவிட்டது' என்று பெயர் சூட்டிப் பகிர்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் வாங்கி விதைப்பவர் ஒரு போகத்தை இழக்கிறார். பேபி கார்னைத் தனி இனம் என்று நினைப்பதும் உண்டு. கருவுறும் முன்பே பறித்த இளங்கதிர் அது. பல ரகங்களிலிருந்தும் எடுக்கலாம்.

பெயரும் குழப்பும். தமிழ்நாட்டில் சோளம் என்றால் தொன்றுதொட்டு வேறு தானியம். இலங்கைத் தமிழர்கள் சோளன் என்பது மக்காச்சோளத்தை. பழைய நூலில் சோளம் என்று கண்டால் மக்காச்சோளமாகப் படித்துவிடக் கூடாது. கர்நாடகத்தின் சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயிலில், சிற்பங்களின் கையில் முத்து முத்தாக ஒரு பொருள் இருக்கும். அது மக்காச்சோளக் கதிர், ஆகவே கொலம்பஸுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது என்று 1989இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. மக்காச்சோள ஆய்வாளர்களான பாயக்கும் சச்சானும் 1993இல் அதை மறுத்து, அது முத்துகள் பதித்த கற்பனைப் பழமான முக்தாபலம் என்றார்கள். சிக்கிமில் ஒரே செடியில் பல சிறு கதிர்கள் விடும் பழங்கோல ரகம் இருப்பதையும் இதே வாதத்துக்கு இழுப்பார்கள். பழைய குணம் தங்கியிருப்பது ஒன்று, பழங்காலத்திலேயே வந்து சேர்ந்தது என்பது வேறொன்று.

கதிர் சேகரிப்பவர்கள் கடைசியில் விட்டுவிடுவது சீட்டில் எழுதும் விவரத்தை. நிறமும் தேதியும் மட்டும் இருக்கும். ஊர், கடல் மட்டத்திலிருந்து உயரம், விதைக்கும் மாதம், வளர்ப்பவர்கள் சொல்லும் பெயர், அதை வைத்து என்ன சமைக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். மெக்சிகோவின் தெவாந்தெபெக் நிலப்பகுதியில் சபலோத்தே சீக்கோ என்ற இனம் இருக்கிறது. செடி குட்டை, கதிரும் சிறிது. வெறும் கதிரைப் பார்த்தால் யாரும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அங்கே அடிக்கும் காற்று உயரமான செடியைச் சாய்த்துவிடும், இது நிற்கும். அந்த ஊர்ப் பெண்கள் சுடும் தொதோப்போ என்ற மொறுமொறு ரொட்டிக்கும் இந்த மாவுதான் வேண்டும்.