24 மணி நேர டிராக் ஓட்டத்தில் 160 கி.மீ.: கணக்கு, சாப்பாடு, கடைசிச் சுற்று

2022 செப்டம்பரில் இத்தாலியின் வெரோனா நகரில் லித்துவேனியாவின் அலெக்சாந்தர் சொரோகின் 24 மணி நேரத்தில் 319.614 கி.மீ. ஓடினார். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 30 விநாடி. 400 மீட்டர் டிராக்கில் வைத்துப் பார்த்தால் 799 சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 48 விநாடி. சாப்பிட்டது, குடித்தது, ஒதுங்கப் போனது எல்லாம் இந்தச் சராசரிக்குள் அடக்கம்.

அந்த வேகத்தில் ஒரு மாரத்தானை முடித்தால் 3 மணி 10 நிமிடம் ஆகும். பல ஊர் ஓட்டக் குழுக்களில் அந்த நேரத்தில் ஓடுகிறவர் ஒருவராவது இருப்பார். சொரோகின் அதைப் போல ஏழரை மாரத்தான்களை இடைவெளி விடாமல் அடுக்கினார். அவர் 2019இல் பிரான்சின் அல்பியில் உலகப் போட்டியை வென்றபோது ஓடியது ஏறத்தாழ 279 கி.மீ. 2021இல் போலந்தின் பாபியானிட்சேயில் 309.399 கி.மீ. ஓடி, கிரேக்கத்தின் யானிஸ் கூரோஸ் 1997இல் அடிலெய்டில் வைத்த 303.506 கி.மீ. சாதனையைத் தாண்டினார். 24 ஆண்டுகள் யாரும் நெருங்காமல் நின்ற சாதனை அது.

முதன்முறை 24 மணி நேரம் ஓடப் போகிறவர் இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல. கால் நின்று போகிற நிமிடங்களை அவர்கள் எவ்வளவு குறைத்தார்கள் என்பதைத்தான். சொரோகினின் வேகத்தில் ஒரு நிமிடம் நின்றால் 222 மீட்டர் போச்சு. 160 கி.மீ. இலக்கு வைத்தவருக்கு நிமிடத்துக்கு 111 மீட்டர். மணிக்கு ஐந்து நிமிடம் உங்கள் சாப்பாடு, தண்ணீர் வைத்த மேசையருகே நின்று பேசினால் 24 மணியில் இரண்டு மணி நேரம் காலி. மெதுவாக ஓடித் தொலைக்கிற தூரத்தைவிட நின்று தொலைக்கிற தூரம் அதிகம்.

முதலில் கணக்கு

160 கி.மீ. என்பது டிராக்கில் 400 சுற்று. நிற்கவே இல்லையென்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் போதும். மொத்தம் ஒன்றரை மணி நேரம் நிற்பீர்கள் என்று வையுங்கள், 8 நிமிடம் 26 விநாடி வேண்டும். இரண்டு மணி நேரம் என்றால் 8:15.

நிற்கிற நேரத்தையும் சேர்த்து ஆறு ஆறு மணி நேரமாகப் பிரித்தால் இப்படி வரும்: 46, 42, 36, 36 கி.மீ. முதல் பங்கைப் பார்த்ததும் "இவ்வளவு மெதுவாகவா?" என்றுதான் தோன்றும். முதல் ஆறு மணி நேரத்தில் 56 கி.மீ. ஓடி, மீதியை நடந்து சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. தொடைத் தசை முன்கூட்டியே சிதைந்துவிட்டால் 15ஆவது மணியில் வேகமாக நடக்கக்கூட முடியாது. கிலோமீட்டருக்கு 15 நிமிடம் என்று இழுத்து இழுத்து நடக்கிற கட்டம் அது. கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இந்தத் திட்டம் கேட்பது மணிக்கு 6 கி.மீ. மட்டுமே, அதாவது விறுவிறு நடையும் கொஞ்சம் ஓட்டமும். அதைக் காப்பாற்றத்தான் ஆரம்ப நிதானம்.

நடையை முதல் சுற்றிலிருந்தே கலந்துவிடுங்கள். சுற்றுக்கு 350 மீட்டர் ஓட்டம், 50 மீட்டர் நடை. ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நடை 10 நிமிடம் என்றால் சுற்று ஏறக்குறைய 2 நிமிடம் 57 விநாடியில் முடியும். நடக்கிற இடத்தை உங்கள் மேசைக்குப் பிறகு வரும் 50 மீட்டர் என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதை நடந்தபடியே குடிக்கலாம், மெல்லலாம். நிற்கவே வேண்டாம்.

டிராக்கில் கவனிக்க வேண்டியவை

முதல் தடத்தின் 400 மீட்டர், உள் விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தது. இரண்டாம் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடினால் 7 மீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள். அந்த 7 மீட்டர் கணக்கில் ஏறாது. பேச்சுத் துணைக்காகப் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு 200 சுற்று வெளித்தடத்தில் ஓடியவர் 1.4 கி.மீ.யைத் தானமாகக் கொடுத்துவிட்டார். முந்த வேண்டுமானால் நேர்ப்பகுதியில் முந்துங்கள்; வளைவில் காத்திருங்கள்.

பல போட்டிகளில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுவார்கள். ஒரே பக்கம் வளைந்துகொண்டே இருந்தால் உள்பக்கக் கணுக்காலும் வெளிப்பக்க முழங்கால் ஓரமும் பழுதாகும். மாற்றம் வந்த பிறகு முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு வளைவில் புதிதாக ஒரு வலி தெரியும்; சமநிலை மாறுவதால் வருவது, தானாக அடங்கும். அடங்கவில்லையென்றால் வளைவில் நடந்து நேர்ப்பகுதியில் ஓடுங்கள்.

சுற்றுகளை எண்ண சிப் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. உதவிக்கு வந்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டு, மணிக்கு ஒருமுறை திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மூன்று நிமிடச் சுற்றுக்குத் திடீரென்று ஆறு நிமிடம் காட்டினால் ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது. அந்த மணியிலேயே அதிகாரியிடம் சொன்னால் திருத்துவார்கள், மறுநாள் காலையில் சொன்னால் நிரூபிக்க வழியில்லை. கழிப்பறைக்கு எந்த இடத்தில் டிராக்கைவிட்டு இறங்கினீர்களோ அதே இடத்தில் ஏறுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

160 கி.மீ.க்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம்தான் உறிஞ்சும். பழச்சர்க்கரை வேறு வழியாக உள்ளே போவதால், கலந்து எடுத்தால் 90 வரை போகலாம். முன்னணி வீரர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். அதற்கு வயிற்றை மாதக்கணக்கில் பழக்க வேண்டும். போட்டியன்று முயன்று பார்த்தால் வாந்திதான்.

கையில் கிடைப்பதை வைத்துக் கணக்கு: நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20, குழைந்த சாதம் 100 கிராமில் 28, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் 12, ஜெல் ஒன்றில் 20 முதல் 25. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே வயிறு புரளும். அப்போது கைகொடுப்பது ரசம் சாதம், உப்புக் கஞ்சி, உருளைக்கிழங்கு. தயிர் சாதம் என்றால் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு வாய் போதும். பசிக்கிறதே என்று ஒரு தட்டுச் சாதத்தை முழுதாகச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் பங்கு போட முடியாமல் குமட்டும்.

குமட்டல் வந்துவிட்டால் பத்து நிமிடம் திட உணவை நிறுத்தி, மெதுவாக நடந்து, தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். பிறகு இஞ்சித் துண்டும் நீர்த்த மோரும் ஒரு வாய், இரண்டு வாய். பெரும்பாலும் காரணம் சூடேறிய உடம்பும் அளவுக்கு மீறிய வேகமும்தான், சாப்பாடு அல்ல.

தண்ணீருக்குப் பொது விதி சொல்ல முடியாது, உங்கள் வியர்வையை அளந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல் எடை பாருங்கள். 64.0 கிலோ 63.2 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அத்தனையையும் ஈடுகட்ட முயலாதீர்கள். தாகத்துக்கு ஏற்றபடி மணிக்கு 400 முதல் 800 மி.லி. என்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். எடை 2 முதல் 4 சதவீதம் குறைவது சகஜம். எடை கூடினால்தான் ஆபத்து.

வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். மோதிரம் இறுகும், வயிறு உப்பும், தலை வலிக்கும், பிறகு பேச்சு குழறும். இந்த அறிகுறிகளை "தண்ணீர் பற்றவில்லை" என்று தவறாக எடுத்துக்கொண்டு மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே வினையாகும். குழப்பம் தெரிந்த உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள். தடுப்பதற்கு மணிக்கு 300 முதல் 600 மி.கி. சோடியம் எடுங்கள். ஒரு கிராம் உப்பில் 390 மி.கி. சோடியம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். கரைசலில் கால் லிட்டர் குடித்தால் சுமார் 430 மி.கி. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. அதை நம்பி உப்பை விட்டுவிடக் கூடாது. ஆனால் உப்பு எடுத்தாலும், அளவுக்கு மீறிக் குடித்தால் அது காப்பாற்றாது.

ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்து, தசை சிதைந்த புரதத்தைச் சிறுநீரகம் வடிகட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கிறது.

காலும் தோலும்

ஷூ வழக்கத்தைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக இருக்கட்டும். பத்து மணி நேரத்துக்குள் பாதம் வீங்கிவிடும். இரண்டு ஜோடி வேண்டும், இரண்டும் பழகியவை. மாற்றும் ஜோடியின் கயிற்றை உதவியாளர் முன்பே முழுக்கத் தளர்த்தி, சாக்ஸை உள்புறம் சுருட்டி வைத்திருந்தால் மூன்று நிமிடத்தில் மாற்றிக் கிளம்பலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக் காம்பு, விரல் இடுக்கு எங்கும் வாஸ்லின், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பாதத்தில் ஓரிடம் சுடுவதுபோல் இருந்தால் அதே சுற்றில் நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கத் தயங்கினவர்கள் கொப்புளத்தோடு பத்து மணி நேரம் நொண்டியிருக்கிறார்கள். நிற்காதே என்று சொன்ன நாங்களே இங்கே நிற்கச் சொல்கிறோம்.

நள்ளிரவுக்குப் பிறகு

இரவு 2 முதல் 5 வரை உடல் வெப்பநிலை அடிமட்டத்துக்கு இறங்கும். தூக்கம் மட்டுமல்ல, "எதற்காக இதைச் செய்கிறேன்" என்ற கேள்வியும் அப்போதுதான் வரும். காபியைப் பகல் முழுவதும் தவிர்த்து நள்ளிரவுக்கு மேல் தொடங்கினால் வேலை செய்யும். நல்ல திடமான காபி அரை டம்ளர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. குளிருக்கு முன்பே முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள், நடுங்க ஆரம்பித்தபின் சூடேற்றுவது கடினம். கண் செருகி நடை தள்ளாடினால் 15 நிமிடம் படுங்கள், கால் சற்று உயர்ந்திருக்க. அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் பிடித்து, எழும்போது இடுப்பு வளையாது. எழுப்பும் பொறுப்பு உதவியாளருடையது. "எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்கவும் கூடாது, அந்நேரத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. "இதோ கஞ்சி, மூன்று வாய், போ" என்றால் போதும்.

இதற்குத் தயாராக

ஒரு 50 கி.மீ.யாவது முடித்தவர் 16 முதல் 20 வாரம் ஒதுக்குங்கள். வாரம் 70 முதல் 90 கி.மீ., அதில் சனி 35, ஞாயிறு 25 என்று அடுத்தடுத்த நாள் ஓட்டம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓய்வு வாரம். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் நடை மட்டும். இதை எல்லோரும் தவிர்க்கிறார்கள், போட்டியில் நடக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். ஐந்து வாரம் முன்பு இரவு 8 மணிக்குத் தொடங்கி எட்டு மணி நேரம், போட்டியில் சாப்பிடப் போவதையே சாப்பிட்டு ஓடுங்கள். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையுங்கள். பக்கத்தில் இப்படியொரு போட்டி நடந்தால் ஓராண்டு முன்பே உதவியாளராகப் போய் உட்காருங்கள். 2022 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஆசிய ஓசியானியப் போட்டி நடந்தது. அங்கே அமர்சிங் தேவந்தா 257.618 கி.மீ. ஓடி முதலிடம் பிடித்தார், இந்திய ஆண்கள் அணிக்கும் தங்கம்.

கடைசிச் சுற்று

முடிய சில நிமிடம் இருக்கும்போது உங்கள் எண் எழுதிய சின்ன மணல் பை கைக்கு வரும். முழுச் சுற்று முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஓடுங்கள். வெடிச் சத்தம் கேட்ட நொடியில் கால் இருந்த இடத்தில் பையை வைத்துவிட்டு நகரலாம். சக்கரம் உருட்டி அங்கே வரை அளந்து கூட்டுவார்கள். பையைத் தூக்கிப் போடக் கூடாது, உருண்டால் அளவு தகராறாகும். 2023 டிசம்பரில் தைபேயில் ஜப்பானின் மிஹோ நகாட்டா 270.363 கி.மீ. ஓடியபோது, அமெரிக்காவின் கமில் ஹெரனின் 270.116 கி.மீ. பெண்கள் உலகச் சாதனை 247 மீட்டரில் முறிந்தது. நகாட்டாவின் சராசரி வேகத்தில் அது 79 விநாடி.

முடித்ததும் சட்டென்று உட்காராமல் ஐந்து நிமிடம் நடங்கள், இல்லையென்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். வண்டி ஓட்டாதீர்கள். அடுத்த அரை நாளுக்குள் சிறுநீர் தெளிந்த மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும். கோலா நிறத்தில் போனாலோ, போகவே இல்லை என்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், 24 மணி நேரம் ஓடியதைச் சொல்லி, சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனை கேளுங்கள்.