எம்.பி.எச். ஆய்வேடு: குழந்தை நலத்தில் தலைப்பு எடுப்பது எப்படி?

எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) சேர்ந்து, தாய்சேய் நலம்தான் என் வழி என்று முடிவு செய்தவர்கள் முதலில் திணறுவது ஆய்வேட்டுத் தலைப்பில்தான். "குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கைடு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

முதலில், தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) உங்கள் மாவட்டத்துக்கான பக்கங்களை எடுங்கள், இணையத்தில் இலவசம். அந்தச் சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாலு பிள்ளைகளில் ஒன்று! உங்கள் மாவட்டம் இதைவிட மோசமா என்று பாருங்கள்.

சரி, அப்புறம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அங்கன்வாடியில் போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவே இல்லை, ஏன் என்று டீச்சரிடம் கேளுங்கள். "அம்மா மில்லுக்கு ஷிப்ட் போயிடுது, பாட்டி டீயில பிஸ்கட்டை நனைச்சுக் குடுக்குது" என்று அவர் சொன்னால், தலைப்பு கிடைத்துவிட்டது: ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மாரின் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குப் பகலில் யார், என்ன ஊட்டுகிறார்கள்? வயது, யாருடைய குழந்தைகள், கேள்வி மூன்றும் இதில் இருக்கிறது.

அடுத்தது அளவெடுப்பு, இதில் அவசரப்படவே கூடாது. ஊட்டச்சத்து நிலையைப் பார்க்க மேல்கையைச் சுற்றி அளக்கும் கைச்சுற்றளவு நாடாவை 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துவோம். இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் சின்னப் புள்ளி வையுங்கள், பிறகு கையைத் தொங்கவிட்டு, நாடா சதையை அழுத்தாமலும் தொளதொளவென்று இல்லாமலும் சுற்றிப் படியுங்கள். முதல் தடவை நான் மடக்கிய கையிலேயே அளந்துவிட்டேன், தோழி அளந்ததற்கும் எனக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம். நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு (கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு), அங்கிருந்து 12.5 வரை மஞ்சள் என்று இருக்கும்போது அரை சென்டிமீட்டர் ஒரு பிள்ளையின் நிறத்தையே மாற்றிவிடும். அதனால் ஒரே பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை பழகுங்கள்.

ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வராமல் தகவல் சேகரிக்க இறங்காதீர்கள். பெற்றோரிடம் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

களத்தில் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு வந்தால் படிவத்தில் குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் கொடுங்கள், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்களா என்று அடுத்த வாரம் கேளுங்கள்.