உறைபனி நாளை வைத்து விதைப்பு நாளைக் கணக்கிடுவது எப்படி?

உறைபனி விழும் ஊரில் காய்கறி போடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு தேதிகள்: குளிர்காலம் முடிந்து கடைசியாக உறைபனி விழும் நாள், அடுத்த குளிருக்கு முன் முதலில் விழும் நாள். வானிலைத் துறையின் பழைய பதிவுகளில் இவை கிடைக்கும். அக்கம்பக்கத்தில் நெடுநாளாகத் தோட்டம் வைத்திருப்பவரிடமும் கேளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டு நிலம் தப்பிக்கும் இரவில் தாழ்வான தோட்டம் கருகிப்போகலாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் பல ஆண்டுகளின் சராசரி. அதாவது ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது. சில அட்டவணைகள், அதற்குப் பிறகும் உறைபனி விழ 50 சதவீத வாய்ப்புள்ள தேதி, 10 சதவீத வாய்ப்புள்ள தேதி என்று தனித்தனியாகவே கொடுக்கும். தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு 10 சதவீதத் தேதியை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் சராசரித் தேதியோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து நாள் தாமதமாக நட்ட தக்காளி, வெதுவெதுப்பான மண்ணில் வேகமாக வளர்ந்து ஈடுகட்டிவிடும். உறைபனியில் கருகிய நாற்றுக்குப் பெரும்பாலும் மாற்று நாற்றுதான் வழி.

அடுத்து, செடிகளைக் குளிர் தாங்குபவை, தாங்காதவை என்று பிரியுங்கள். பட்டாணி, முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ், பாலக் ஆகியவை லேசான உறைபனியைத் தாங்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி, பூசணி தாங்காது.

சரி, இப்போது கணக்கு. உங்கள் கடைசி உறைபனி நாள் மே 10 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய் விதையை வீட்டுக்குள் 9 வாரம் முன்பே, மார்ச் 8 வாக்கில் போட வேண்டும். அது மெதுவாக முளைக்கும். தக்காளிக்கு 7 வாரம், அதாவது மார்ச் 22. பட்டாணியை நேரடியாக மண்ணில் 5 வாரம் முன்பு, ஏப்ரல் 5 வாக்கில் ஊன்றலாம். பீன்ஸை மே 10 தாண்டிய பிறகு ஊன்றுங்கள். மிளகாயையும் தக்காளியையும் நடுவதை இரண்டு வாரம் தள்ளியிருந்தால், விதைப்பையும் அதே அளவு தள்ளுங்கள். நாற்று தொட்டியில் முற்றிப்போகக் கூடாது.

தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நட்டுவிடாதீர்கள். மண்ணில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். பீன்ஸுக்கு 15 டிகிரி செல்சியஸாவது வேண்டும், ஈரமும் குளிருமான மண்ணில் விதை அழுகும். தக்காளி நாற்றை, இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாத காலத்தில் நடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் நேரத்தையும் வெயிலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

இரண்டாவது தேதியைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் அதிக விளைச்சல் தரும் தேதியாகத் தெரிகிறது. முதல் உறைபனி அக்டோபர் 1 என்றால், 55 நாளில் காய்க்கும் பீன்ஸுக்கு அந்த 55 நாளோடு, பகல் குறைந்து வளர்ச்சி மெதுவாவதற்காக 14 நாளும், பறிப்பதற்கு இன்னொரு 14 நாளும் சேருங்கள். மொத்தம் 83 நாள். ஜூலை 10க்குள் விதைத்தாக வேண்டும். கேரட்டுக்கு இந்த அவசரம் இல்லை, லேசான குளிர் பட்டால் அதன் இனிப்பு கூடும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் திடீரென ஓர் இரவு குளிரலாம். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். முன்னறிவிப்பு 2, 3 டிகிரி என்று சொன்னாலும் தரையை ஒட்டி உறைபனி விழலாம். பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள், ஈர மண் வெப்பத்தை அதிகம் பிடித்து வைத்து இரவில் வெளியிடும். இருட்டுவதற்கு முன் செடியைத் துணியால் தரைவரை மூடுங்கள். பிளாஸ்டிக் என்றால் இலையில் படாதபடி குச்சி ஊன்றிப் போடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.