மனதில் விழுந்ததைக் கதையாக்குவது எப்படி: ஒரு பழைய ஆதாரத்தை வைத்து ஒரு செய்முறை

"நல்ல கரு ஒன்று கையில் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்துக்கு மேல் நகரமாட்டேன் என்கிறது." எழுதத் தொடங்கும் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் கருவில் ஊர் இருக்கும், காலம் இருக்கும், ஒரு வருத்தம்கூட இருக்கும். இன்னாருக்கு இன்னது வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், என் நாவல் ஒன்று பிறந்த கதையை வைத்தே.

நான் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டைப் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முன் திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி. அதனால் இங்கே பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் கிடக்கும். பழைய ஆட்கள் அதை ஆதாரம் என்பார்கள்.

1. பார்த்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புளியரை பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் பார்த்ததை அன்று இரவு இப்படி எழுதியிருக்கிறேன்:

"அறுபது வயது இருக்கும். மஞ்சப்பை. உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த தாள். மடிப்புகள் கூடும் இடத்தில் ஓட்டை. கேரளா வண்டி கண்டக்டரிடம் நீட்டுகிறார். 'தம்பி, இத வாசிச்சு சொல்லுதியளா?' அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இது பழய எழுத்தாணு அம்மே, எனிக்கு மனசிலாகுன்னில்ல' என்கிறார். அம்மா தாளைத் திரும்ப வாங்குகிறார். மடிக்கும்போது ஓட்டையை விரலால் மூடிக்கொள்கிறார்."

இதில் 'பாவம்' என்றோ 'எல்லையோர மக்களின் துயரம்' என்றோ ஒரு வார்த்தை இல்லை. அப்படி எழுதி வைத்திருந்தால் மறுமாதம் நோட்டைத் திறக்கும்போது என் அபிப்பிராயம்தான் கிடைத்திருக்கும், அந்த விரல் கிடைத்திருக்காது. எனக்கு நாவலைக் கொடுத்தது அந்த விரல்தான்.

2. கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

மலையாளம் படித்த கண்டக்டருக்கே ஏன் வாசிக்க வரவில்லை? தேடிப் பார்த்தேன். கேரளத்தில் 1971-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. கூட்டெழுத்துகள் பலவற்றைப் பிரித்து எளிமையாக்கினார்கள். புதிய எழுத்தில் படித்த பிள்ளைக்குப் பழைய கைப்பிரதி மலைப்பாகத்தான் இருக்கும். நல்ல தகவல், கதைக்குப் பின்னால் உதவியது. ஆனால் கதை இன்னும் அசையவில்லை.

அடுத்த கேள்வி: அந்த அம்மா ஏன் முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் பஸ் ஸ்டாப்பில் கேட்டார்? பழைய மலையாளம் வாசிக்கிற பெரியவர் ஊரில் ஒருவராவது இருப்பாரே?

ஊருக்குள் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். இதை எழுதியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கு அதை வாசிக்கவும் வேண்டும், வாசிக்கப் பயமாகவும் இருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான்.

அப்புறம் இரண்டே வரி எழுதினேன். நீங்களும் உங்கள் கருவுக்கு இந்த இரண்டு வரியை எழுதிப் பாருங்கள். முதல் வரி, அவருக்கு என்ன வேண்டும். இரண்டாவது, அதை அடையும் வழியிலேயே அவர் எதை இழக்கக்கூடும். என்னுடையவை இவை:

"சித்தப்பா வீட்டார் கையில் இருக்கும் மேற்கு மனையை அப்பா ஒற்றிதான் வைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். தாளில் தீறு என்று இருந்தால், அப்பா சாகும்வரை சொன்னது பொய் என்று ஆகிவிடும்."

ஒற்றி என்றால் அடமானம், பணத்தைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். தீறு என்றால் கிரயம், முழுசாக விற்றுவிட்டது. இரண்டாவது வரி எழுத வராவிட்டால் முதல் கேள்விக்கே திரும்பிப் போங்கள். அது வராமல் எழுதத் தொடங்காதீர்கள், இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடும்.

கதையில் அவருக்குச் செல்லம்மாள் என்று பெயர் வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் பார்த்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஊர், உறவு, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருப்பேன். ஒருவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டும் உரிமை நமக்கு இல்லை. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

3. ஒரு நாள் குறித்துவிடுங்கள்

வெள்ளிக்கிழமை சர்வேயர் மனையை அளக்க வருகிறார். கதை திங்கட்கிழமை தொடங்குகிறது. அவ்வளவுதான். கெடு இல்லாவிட்டால் செல்லம்மாள் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இன்னும் பத்து வருஷம் சும்மா இருந்துவிடுவார்.

4. தகவலைச் சரிபாருங்கள், அதுவே காட்சி கொடுக்கும்

ஆதாரத்தில் தேதி '1110 மிதுனம்' என்று வைத்திருந்தேன். இது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷக் கணக்கு. பொதுவாக 825 கூட்டினால் நம் வருஷம் வரும். ஆனால் கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-தான் கூட்ட வேண்டும். மிதுனம் நம் ஆனி. ஆகவே 1935 ஜூன், ஜூலை, எங்கள் பக்கம் சாரல் காலம். கணக்குப் போட்டு முடித்ததும் கதைக்குள் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டது! எழுதிக் கொடுத்த நாளில் அப்பா நனைந்துகொண்டு போயிருப்பார், தாளை மடியில் பொத்தி வைத்திருப்பார். ஒரு முழுக் காட்சி எனக்கு இந்தக் கூட்டல் கணக்கில்தான் கிடைத்தது.

தொகை 490 பணம். இன்றைய வாசகர் பணம் என்றால் பொதுவாகக் காசு என்று எடுத்துக்கொள்வார். திருவிதாங்கூரில் பணம் என்பது ஒரு நாணயக் கணக்கு: 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 70 ரூபாய். இதைக் கேட்டதும் செல்லம்மாளுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. எழுபது ரூபாய்க்கு அப்பா மனையை விற்றிருப்பாரா?

அந்த ஓட்டை 'ஒற்றி'யா 'தீறா' என்ற சொல்லையே தின்றுவிட்டதாக முதலில் வைத்திருந்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பத்திரம் எழுதிப் பழகிய ஒரு பெரியவரிடம் கேட்டபோது, "ஒரு சொல் போனால் என்ன தம்பி, மொத்தமும் வாசிச்சா எந்த வகை ஆதாரம்னு தெரிஞ்சிருமே" என்றார். விட்டுவிட்டேன். ஓட்டை இப்போது நாலு எல்லை சொல்லும் இடத்தில் விழுந்திருக்கிறது. நமக்குப் பிடித்திருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பிழை. கதை நடப்பது 2014. பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பார்க்கச் செல்லம்மாள் செங்கோட்டையில் ரயில் ஏறிப் புனலூர் போவதாக எழுதியிருந்தேன். 2010-ல் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள், அகல ரயில் முழுசாக ஓடியது 2018-ல்தான். சரி, பஸ்ஸில் ஏற்றினேன். ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே பதிமூன்று கண் பாலம் நிற்கிறது. ரயில் இல்லாத பாலத்தை அவர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். அவர் கணவரை அந்தப் பாதையில் கேங்மேனாக ஆக்கியது அதற்குப் பிறகுதான்.

5. முதல் வரைவைத் திரும்பிப் பார்க்காமல் எழுதுங்கள்

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நேற்று எழுதியதன் கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டுத் தொடருங்கள். திருத்த ஆரம்பித்தால் முதல் அத்தியாயம் பளபளப்பாகும், இரண்டாவது பிறக்கவே பிறக்காது.

பேச்சைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரே ஆள் வீட்டில் ஒரு தமிழும் மலைக்கு அந்தப் பக்கம் போனால் மலையாளம் கலந்த தமிழும் பேசுவார். அதை எழுத ஆசை வரும். ஒரு உரையாடலுக்கு ஒன்றிரண்டு சொல் போதும், மதுரையில் இருந்து வாசிக்கிறவர் தடுக்கி விழக்கூடாது.

6. சத்தமாக வாசித்து வெட்டுங்கள்

முடித்ததும் ஒரு மாதம் பீரோவில் வையுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைக் கவனியுங்கள். நான் என் அக்காவுக்கு வாசித்தேன். 1956 இணைப்பின் வரலாற்றோடுதான் நாவலைத் தொடங்கியிருந்தேன், பத்துப் பக்கம். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோராம் பக்கம் வந்ததும் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். முந்தைய பத்துப் பக்கத்தையும் அன்றே எடுத்துவிட்டேன். இப்போது நாவல் அந்த வரியில் தொடங்குகிறது:

"செல்லம்மாள் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு தாளை நீட்டினாள்."