சருகுப் பூச்சிகளைக் காடு காடாக ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சருகு சலித்துப் பூச்சி எண்ணப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. நான் பட்ட இடத்திலேயே வரிசையாக வந்து படுகிறார்கள். குப்பியில் சீட்டுப் போட மறப்பது போன்றவை நாளாக நாளாகத் தானே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழைக்காலக் காட்டையும் கோடைக்காலக் காட்டையும் ஒப்பிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய காடு ஒன்றில் மழை விட்ட கையோடு சருகு எடுத்தோம். அங்கிருந்து வெகு வடக்கே இருந்த காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோடை முற்றியிருந்தது. மிதித்தால் சருகு பொடிப்பொடியானது. ஒரு சதுர மீட்டர் சருகை வாரி, சலித்து, விங்க்லர் பையில் (சருகு உலர உலரப் பூச்சிகள் கீழே இருக்கும் குவளையில் விழும் துணிப்பை) 48 மணி நேரம் தொங்கவிட்டோம். அடியிலிருந்த ஆல்கஹால் குவளையில் இரண்டு வண்டு, நாலைந்து எறும்பு, அவ்வளவுதான். வரைபடம் போட்டால், வடக்கே போகப் போக இனங்கள் குறையும் கோடு கச்சிதமாக விழுந்தது. நம்பிவிட்டோம்.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு அதே வடகாட்டில் ஒரு பிடி சருகைப் புரட்டினேன். மட்கிய குச்சி ஒன்றின் பிளவுக்குள் எறும்புக்கூடு, அதன் பக்கத்திலேயே கடுகளவு வண்டுகள். சின்ன உடம்பு சீக்கிரம் உலர்ந்துவிடும் அல்லவா? கோடையில் அவை ஈரம் தேடி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. நாங்கள் அளந்தது அட்சரேகையை அல்ல, மழை பெய்த தேதியை. இரண்டு பருவத்து உழைப்பு போயிற்று.

சொட்டச் சொட்ட நனைந்த சருகும் ஏமாற்றும். பைக்குள் சருகு உலர உலரத்தான் பூச்சிகள் அலைந்து கீழே விழும். ஈரம் நிறைய இருந்தால் உள்ளேயே தங்கிவிடும், 48 மணி நேரம் போதாது. ஆக, ஈரம் பூச்சியையும் மாற்றுகிறது, நம் கருவி பிடிக்கும் அளவையும் மாற்றுகிறது. இரண்டு காட்டிலும் மழை விட்டு ஏறக்குறைய அதே இடைவெளியில் சருகு எடுங்கள். சருகின் எடையை ஈரமாக ஒருமுறை, உலர்த்தி ஒருமுறை குறித்து வையுங்கள். முடிந்தால் இரு பருவத்திலும் போய் வாருங்கள்.

உயரத்தை மறப்பது

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஒரே அட்சரேகையில் அடிவாரம் ஒரு உலகம், மலைமுகடு வேறு உலகம். வருடம் முழுக்க வெப்பம் அதிகம் மாறாத வெப்பமண்டலத்தில் இந்த வேறுபாடு உயிரினங்களுக்கு இன்னும் பெரிய தடை என்று 1967-இலேயே உயிரியலாளர் டேனியல் ஜான்ஸென் (Janzen) வாதிட்டார். அடிவாரத்தோடு அடிவாரத்தை ஒப்பிடுங்கள்.

தலைகளை எண்ணி மயங்குவது

ஒரு இடத்தில் 3000 பூச்சி, இன்னொரு இடத்தில் 300 என்றால் இனங்களின் எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடக் கூடாது. பெரிய மாதிரியை 300-க்குக் குறைத்துக் கணக்கிட்டபின் பாருங்கள். எறும்பில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கூடு சல்லடையில் சிக்கினால் ஒரே இனம் நூற்றுக்கணக்கில் கொட்டும். அதனால் சருகு வாரிய ஒரு சதுர மீட்டர் கட்டங்களில் எத்தனையில் அந்த இனம் இருந்தது என்று எண்ணுவதே சரி.

வெப்பமண்டலம் என்றால் எல்லாமே அதிகம் என்பது

இனங்களின் எண்ணிக்கையில் இது எறும்புக்கும் கரையானுக்கும் பொருந்தும். அதே சருகில் நெளியும் மண்புழுவுக்குப் பொருந்தாது.

ஸ்பிரிங்டெயிலைப் பூச்சியோடு சேர்ப்பது

ஸ்பிரிங்டெயில் சருகில் துள்ளும் ஒரு சின்ன உயிர். ஆறு கால் இருந்தாலும் இன்று அது தனி வகுப்பு. தனியாக எண்ணுங்கள்.

வானிலை நிலையத்தின் சராசரியை நம்புவது

வெப்பமானியைச் சருகுக்கு அடியில் வையுங்கள்.