வீடு கட்டவும் திருத்தவும் பண உதவி: மட்டக்களப்பில் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

வீட்டு மானியம், வீட்டுக் கடன் என்று பேச்சு எழுந்தவுடன் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது ‘எவ்வளவு கொடுக்கிறார்கள்?’ என்பதைத்தான். கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது வேறு: ‘தங்கச்சி, வளவு யார் பெயரில் இருக்கிறது?’ இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வந்த விண்ணப்பங்கள் எத்தனையோ. ஆகவே இந்தச் செய்முறையில் பணத்தைப் பற்றிய பேச்சு நான்காவது படியில்தான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவிவிட வேண்டாம்.

படி 1: என்ன வேலை என்பதை முடிவு செய்யுங்கள்

புதிதாக ஒரு வீடு, பாதியில் நிற்கும் வீட்டை முடிப்பது, கூரை மாற்றுவது, மலசலகூடம் கட்டுவது. இவை நான்கும் நான்கு விதமான பணம். கூரைத் தகடு மாற்றக் காணியை ஈடு வைக்கக் கூடாது. சட்டத்தரணி கட்டணம், காணி மதிப்பீட்டுக் கட்டணம், பதிவுச் செலவு என்று கடன் கையில் வருமுன்பே ஒரு தொகை போய்விடும். சிறிய வேலைக்குச் சிறிய கடன் போதும்.

இன்னொன்றையும் இப்போதே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: உங்கள் குடும்பம் முன்பு ஏதாவது வீட்டுத் திட்டத்தில் பணம் பெற்றதா? 2004 சுனாமிக்குப் பிறகு முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியாகச் சேதமான வீட்டுக்கு 100,000 ரூபாவும் கொடுத்தார்கள். 2012 இல் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்தத்துக்கு 250,000 ரூபா. மானியத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும்போது இந்தப் பழைய பயனாளர் பட்டியல்களைப் பார்ப்பார்கள். பெற்றிருந்தால் பெற்றேன் என்றே எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால் கிடைக்கக்கூடிய கடனும் கைநழுவும்.

படி 2: காணிப் பத்திரத்தை ஒழுங்கு செய்யுங்கள்

இதுதான் பெரிய வேலை. இதில் நேரத்தைச் செலவிடத் தயங்காதீர்கள்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவின் ஓரத்தில் சிறிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதற்குப் பக்கத்தில் ஒரு வீடு. பெண்ணின் தலைக்கு மேல் அவளுடைய சொந்தக் கூரை இருக்க வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு இது. ஆனால் கொடுத்தது வாய்ச்சொல்லாக நின்றுவிட்டால், மூன்று மகள்மார் மூன்று வீடுகளில் இருக்க, காணி உறுதிப் பத்திரம் மட்டும் காலமான அம்மம்மாவின் பெயரிலேயே கிடக்கும். வங்கியின் பார்வையில் அந்த மூவருக்கும் காணி இல்லை.

வெள்ளைத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தாலும் அது காணிக் கைமாற்றம் ஆகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். ஆகவே அம்மா உயிரோடு இருக்கும்போதே, அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு வளவைப் பிரித்து அளந்து, அந்தப் படத்தின்படி ஒவ்வொரு மகளுக்கும் நன்கொடை உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பாதைக்கு இடம் விட்டு அளக்கச் சொல்லுங்கள். பின்வளவுக்காரிக்கு வழி இல்லாவிட்டால் அவள் காணிக்கு வங்கி மதிப்பும் குறையும், அக்கா தங்கச்சி உறவும் குறையும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பல குடும்பங்களிடம் இருப்பது உறுதி அல்ல; 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். உங்களிடம் இருப்பது இதுவானால் பெட்டியிலிருந்து எடுத்து, பின்னுரித்தாளர், அதாவது உரிமையாளருக்குப் பிறகு காணியைப் பெறுபவர், பெயர் எழுதும் இடத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் இப்போதே பெயரைப் பதியுங்கள். பெயர் பதியாமல் உரிமையாளர் காலமானால் யாருக்குக் காணி என்பதைச் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளை முன்னே வைத்தது. பெண்ணுக்கு வீடு என்ற எங்கள் வழக்கத்துக்கு நேர் எதிர். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்படியிருந்தும், பதியப்பட்ட பெயர் தரும் நிம்மதியை எந்த அட்டவணையும் தராது. இத்தகைய காணியை ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் தேவை. அதற்கும் நாள் எடுக்கும் என்பதால் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவையுங்கள்.

காணி மனைவி பெயரில், சம்பளம் கணவன் பெயரில் என்பது இங்கு சாதாரணம். இதனால் கடன் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம்: வருமானத்தை அவர் காட்டுவார், ஈட்டு உறுதியில் காணி உரிமையாளராக மனைவி கையெழுத்திடுவார். கடனுக்காக வளவைக் கணவன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை.

படி 3: வரைபடமும் மதிப்பீடும்

மேசன் வாய்க்கணக்கில் சொல்லும் தொகை கந்தோரில் செல்லாது. மதிப்பீடு என்பது ஒரு அட்டவணை: வேலை விபரம், அலகு, அளவு, அலகு விலை, தொகை. அத்திவாரம் வெட்டுவது கன அடியில், கல் கட்டுவதும் பூச்சும் சதுர அடியில், கதவும் யன்னலும் எண்ணிக்கையில் வரும். மணல் கியூப் கணக்கு. ஒரு கியூப் 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் வருவதை ஒரு கியூப் என்று சொல்லி இறக்கினால் பெட்டியின் நீள, அகல, உயரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள்.

மதிப்பீட்டை வேலைக் கட்டங்களாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: அத்திவாரம், லின்டல் மட்டம் வரை சுவர், கூரை, பூச்சும் நிலமும். பணம் அந்த ஒழுங்கில்தான் வரப்போகிறது.

கட்டட அனுமதிக்கு உங்கள் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். கல்லடி, பாசிக்குடா போன்ற கடற்கரையோர இடங்களில், உயர் நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

இப்போது பணம்.

வருமானம் மிகக் குறைந்த குடும்பமென்றால் முதலில் மானியம். இதற்கு வழி கிராம உத்தியோகத்தர், அவரிலிருந்து பிரதேச செயலகம். 1979 இல் உருவாக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு மட்டக்களப்பிலும் மாவட்ட அலுவலகம் உண்டு. அரசாங்கம் மாறும்போது திட்டத்தின் பெயரும் பதாகையும் தொகையும் மாறும்; கதவு அதேதான். எனவே திட்டத்தின் பெயரைத் தேடி அலையாமல், ‘இந்த ஆண்டுக்கு வீட்டு மானியப் பட்டியல் எடுக்கிறீர்களா, என் பெயர் அதில் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். வெள்ளத்திலோ புயலிலோ வீடு சேதமானால் அது வேறு வழி: பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண சேவை உத்தியோகத்தரிடம் உடனே பதியுங்கள். துப்புரவு செய்யுமுன் படம் எடுங்கள். சேறு கழுவிய வீட்டைக் காட்டிச் சேதத்தை நிறுவுவது கடினம்.

கொஞ்சம் வருமானம் இருக்கிறது, ஆனால் சம்பளச் சீட்டு இல்லை என்றால், அதாவது தோணி, வயல், மாடு, தையல் என்று பிழைப்பவரானால், சமுர்த்தி வங்கியும் வீடமைப்பு அதிகார சபையின் கடன்களும் பொருத்தம். வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் சான்றுப்படுத்த, பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். அதோடு ஒரு சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் ஏதாவது போட்டு வந்திருந்தால், அந்தப் புத்தகம் சான்றிதழைவிட நன்றாகப் பேசும்.

மாதச் சம்பளக்காரருக்கு அரச வங்கிகளும், வீட்டுக் கடனையே முக்கிய தொழிலாகக் கொண்ட அரச ஈட்டு முதலீட்டு வங்கியும், எச்.டி.எப்.சி. வங்கியும் இருக்கின்றன. அரச ஊழியர்கள் தங்கள் திணைக்களத்தில் ஆதனக் கடன் பற்றிக் கேட்ட பிறகே வெளியே போக வேண்டும்.

தனியார் துறையில் வேலை செய்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி போடும் 12 சதவீதமும் அங்கே சேர்கின்றன. இதை வீட்டுக்குப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மீதியில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வீட்டுக் கடன் பெறுவது. கட்டத் தவறினால் உங்கள் கணக்கிலிருந்தே கழிப்பார்கள். மற்றையது, 10 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருந்தால், மீதியில் 30 சதவீதத்தை வீட்டுத் தேவைக்கு மீளப் பெறுவது. 12 இலட்சம் இருப்பவருக்கு இது 360,000 ரூபா. வட்டியும் இல்லை, மாதத் தவணையும் இல்லை. முதுமைக்கான பணம் அது என்பதால், ஒழுகும் கூரைக்கு எடுங்கள், முன்வாசல் அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள். சேமலாப நிதியின் இந்த இரண்டு வழிகளுக்கும் தொழில் திணைக்கள அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 5: வட்டியை நீங்களே கணக்கிடுங்கள்

10 இலட்சம் ரூபாவை 10 ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறையும் மீதிக்கு, அதாவது இன்னும் கட்டாமல் இருக்கும் முதலுக்கு மட்டும், ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 13,215 ரூபா. வட்டி 15 சதவீதம் என்றால் 16,130 ரூபாவைத் தாண்டும். மாதத்தில் இது மூவாயிரம் ரூபா வித்தியாசம்தான். பத்து ஆண்டுகளில் மூன்றரை இலட்சம். ஒரு கூரைக் காசு.

‘குறையும் மீதிக்கு’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கே வந்து, குழு சேர்த்துக் கடன் கொடுப்பவர்கள் சொல்லும் வட்டி பல வேளைகளில் அப்படி இராது. 100,000 ரூபா, ஒரு வருடம், ‘24 சதவீதம் மட்டும்’ என்றால் 24,000 ரூபாவைச் சேர்த்து 12 ஆல் பிரிப்பார்கள்: மாதம் 10,333 ரூபா. நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்க, வட்டி மட்டும் முழு ஒரு இலட்சத்துக்கும் ஓடுகிறது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 40 சதவீதத்தைத் தாண்டும். இத்தகைய நுண்கடன்களில் சிக்கிய பெண்களுக்காக 2018 இல் அரசாங்கமே தள்ளுபடித் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. வீட்டு வேலைக்கு இந்தக் கடன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 6: கோவையைக் கொடுங்கள்

அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், காணிப் பதிவகப் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி, மதிப்பீடு, வருமானச் சான்று. எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுங்கள். அடையாள அட்டையிலும் உறுதியிலும் பெயரின் எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால்கூட, ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி கேட்பார்கள். கொடுத்த கடிதத்தின் உங்கள் பிரதியில் கந்தோரின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

படி 7: தவணையும் மாரியும்

மானியமோ கடனோ, பணம் மொத்தமாகக் கையில் வராது. அத்திவாரம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். அவர் அறிக்கை போன பிறகு அடுத்த தவணை. அதனால் முதற் கட்டத்துக்கு உங்கள் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். மேசனுடனும் இதே கட்டங்களின்படி கூலி பேசுங்கள். முற்பணமாகப் பெரிய தொகை வாங்கியவர் அடுத்த ஊரில் இன்னொரு அத்திவாரம் வெட்டப் போய்விடுவார்.

எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை அடிக்கும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு அத்திவாரம் வெட்டினால் புரட்டாதிக்குள் கூரை ஏறும். பணம் ஆவணியில்தான் வருகிறதா? அத்திவாரத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தி, மண் நிரப்பி இறுக்கி, அதோடு நிறுத்துங்கள். நனைந்த சீமெந்தும் பாதிச் சுவரும் தை மாதத்தில் இரட்டைச் செலவு வைக்கும்.

படி 8: பெயர் வராவிட்டால்

‘பட்டியலில் இல்லை’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தெரிவுக்கான அளவுகோல் என்ன, என் விண்ணப்பத்துக்கு எத்தனை புள்ளி, யார் தீர்மானித்தார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சண்டை தொனி வேண்டாம், மூன்று கேள்வி போதும். அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு எதைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரியும்.

படி 9: கடன் முடிந்த நாளில்

கடைசித் தவணையின் பற்றுச்சீட்டோடு பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பதிவகத்தில் காணி இன்னும் ஈட்டில்தான் இருக்கும். வங்கியிடம் ஈட்டு விடுவிப்பு உறுதி எழுதச் சொல்லி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, மூல உறுதியையும் நில அளவைப் படத்தையும் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறுங்கள். மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு கேட்கும் முதல் தாள் அதுவாக இருக்கும்.